பதினோரு கிலோ நானூறு

எங்கள் சந்தில் யாருக்கு எது கனத்தாலும், அதை எப்படியோ உருட்டிக்கொண்டுபோய்க் கிட்டுசாமியின் கேட்டுக்கு எதிரே வைத்து, அவர் காதில் விழும்படி நாலு வார்த்தை பெருமை பேசி, அவர் ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்ததும் ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன காலம் ஒன்று இருந்தது. அப்படித் தண்ணீர்க் குடம் போனது, கேஸ் சிலிண்டர் போனது, சீதனப் பீரோ போனது, ஒரு வருஷம் பிள்ளையார் கோயில் சப்பரமே போனது. வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள், நம்பாவிட்டால் எங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நான் அந்தச் சந்தில் பதினெட்டு வருஷமாகப் பெயின்ட் அடிக்கிறவன். இந்தப் பக்கத்துக் கிட்டுசாமிக்கும் அந்தப் பக்கத்து நஞ்சப்பனுக்கும் நான்தான் பெயின்டர். எனக்கு யார் மேலும் பொறாமை கிடையாது, அதனால் நடந்ததை நடந்தபடி சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான்.

கோயம்புத்தூரில் ஆவாரம்பாளையத்தைத் தாண்டி இடதுபுறம் திரும்பினால் பைபர் ஒட்டுகிற ரெசின் பசையின் நாற்றம் வரும், அதைப் பிடித்துக்கொண்டே நடந்தால் எங்கள் சந்து வந்துவிடும். அறுபது வருஷத்துக்கு முன் சீமையில் செய்த, ரெண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு ஒட்டிக்கொண்டு போகிற ஸ்போர்ட்ஸ் கார்களை இன்னமும் போர்வை போர்த்தி வைத்திருக்கிற எஸ்டேட்காரர்களும் மில்காரர்களும் அவற்றுக்கு அலங்காரச் சாமான் செய்துகொள்ள அங்கேதான் வருவார்கள். எஞ்சினை மூடுகிற பானெட், முன் பம்பருக்குக் கீழே ஒரு உதடு, டிக்கிக்கு மேலே ஒரு வால், கண்ணாடிகளுக்கு மூடி, இப்படி. எல்லாம் அடியில் சாதாரண பைபர் கிளாஸ்தான், மேலே மட்டும் ஒரே ஒரு சுற்றுக் கார்பன் துணி, அதற்கு மேல் என்னுடைய கிளியர் கோட்டிங். வெயிலில் வைத்தால் கோரைப்பாய்ப் பின்னலைக் கறுப்பில் செய்த மாதிரி மின்னும். முழுக்கக் கார்பனில் செய்வது விமானத்துக்கும் நிஜப் பந்தயத்துக்கும், நாங்கள் செய்வது பார்வைக்கு. பார்ப்பதற்கென்றே செய்த சாமானை யாராவது பார்த்தால்தானே அதற்கு மரியாதை.

கிட்டுசாமியும் நஞ்சப்பனும் சிங்காநல்லூரில் ஒரு தண்ணீர்த்தொட்டி கம்பெனியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே டிரம்மில் ரெசின் கலக்கி, ஒரே நாளில் வேலையை விட்டு, எங்கள் சந்தில் எதிரெதிரே ஷெட் போட்டவர்கள். வேலை என்று பார்த்தால் கிட்டுசாமியின் கைக்குப் பக்கத்தில் யாரும் வரமுடியாது. அவர் வெட்டிய விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினால் நகத்தில் ஒரு சிலாம்பு ஏறாது. ஆனால் வருகிற வண்டியெல்லாம் நஞ்சப்பன் பக்கம்தான் திரும்பும். நஞ்சப்பன் சிரிப்பார், வந்தவரின் காரைப் பார்த்து மூக்கில் விரலை வைப்பார், வேலை சுமாராக இருந்தாலும் வாங்கிக்கொண்டு போகிறவர் சந்தோஷமாகப் போவார். கிட்டுசாமிக்குச் சிரிப்பு வராது. ஷட்டரைத் தூக்கியதும் அவர் கண் முதலில் எதிர் கேட்டுக்குத்தான் போகும், இறக்கும்போது கடைசியாகப் பார்ப்பதும் அதைத்தான். நஞ்சப்பனுக்கு வந்த வண்டி, நஞ்சப்பன் போட்ட புதுத் தகரம், நஞ்சப்பன் மனைவி துளசிமணி கொண்டுவரும் நாலடுக்குச் சாப்பாடு, தெருநாய்கூட நஞ்சப்பன் வாசலில் போய்ச் சுருண்டுகொள்வது, ஒன்று பாக்கியில்லாமல் அத்தனையும் அவர் வயிற்றை எரித்தது.

ஒரு புதன்கிழமை நஞ்சப்பன் ஒரு பானெட்டை அதன் அச்சான மோல்டிலிருந்து உருவி, ரெசின் டிரம்மை நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தார். ஒன்பது கிலோ. நான் கோட்டிங் அடிப்பதற்காக அதை வெயிலில் கொண்டுவந்து வைத்தேன், கிட்டுசாமி தன் கேட்டில் நின்று நெடுநேரம் அதையே பார்த்தார், அப்புறம் காறித் துப்பிவிட்டு உள்ளே போனார். மத்தியானம் தூக்கினால் ஐந்தரை கிலோ. நஞ்சப்பன் தராசைத் தட்டினார், நான் தட்டினேன், தராசு அதே ஐந்தரையைக் காட்டியது. அந்தப் பானெட்டைப் போட்டுக்கொண்டு செட்டிபாளையம் ரேஸ் மைதானத்துக்குப் போன மில்காரரிடம் பத்துப் பேர் விலாசம் கேட்டார்கள். மேலுக்கு ஒரு சுற்றுக் கார்பன் போட்ட சாமான் முழுக் கார்பனைவிட லேசாக இருப்பதைப் பற்றி எங்கள் சந்தில் ஒரு வாரம் பேசினோம், அடுத்த வாரம் குடிதண்ணீர் வராத விஷயத்தைப் பேசப் போய்விட்டோம்.

காரணத்தைக் கண்டுபிடித்தது துளசிமணி. பின்பக்க ஷெட்டில் காய்கிற சாமான் கனம் குறையவில்லை, முன்வாசலில் காய்கிறது மட்டும் குறைகிறது என்று நாலு நாள் பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் நிறைந்த கேஸ் சிலிண்டர் ஒன்றை உருட்டிக்கொண்டுவந்து கேட்டில் நிறுத்தி, எங்களுக்கு ரெண்டாவது கனெக்‌ஷன் கிடைத்துவிட்டது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். கிட்டுசாமி திரும்பிப் பார்த்தார். அவள் சிலிண்டரைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் எங்கள் சந்தின் நடைமுறையே மாறிப்போனது. ஊர் உலகத்தில் எல்லாரும் அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்காய் உடைத்து, வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டு, நாக்கைத் தள்ளிக்கொண்டிருக்கிற அரக்கன் பொம்மையைக் கட்டிக் கண் படாமல் காத்துக்கொள்வார்கள். நாங்கள் எல்லாவற்றையும் அவிழ்த்துக் குப்பையில் போட்டோம். லாரித் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் குடத்தோடு சுற்றிக்கொண்டு கிட்டுசாமி வாசல் வழியாக வந்து, எங்கள் வீட்டுப் பக்கம் சிறுவாணித் தண்ணீர் கல்கண்டாக வருகிறது என்று பேசிக்கொண்டு நிற்பார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் மூட்டையை இறக்கி வைத்து, கணக்கில் நூற்றுக்கு நூறு என்று தாய்மார்கள் சத்தமாகச் சொல்வார்கள், கிட்டுசாமியின் மகன் கணக்கில் முப்பத்தைந்தைத் தாண்டியதில்லை. கோயில் பூசாரி சப்பரத்தை அங்கே நிறுத்தி, இந்த வருஷம் கிட்டுசாமியின் சொந்த ஊர்ச் சப்பரத்தைவிட இது ரெண்டு முழம் உயரம் என்று சொன்னார், எட்டுப் பேர் சுமக்கிறதை ரெண்டு பேர் சுமந்தார்கள். என் கம்ப்ரஸருக்கு ஒரு சக்கரம் உடைந்து கிடந்தது. நானும் அதை இழுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தி, ஜெர்மன்காரன் செய்தது இது, கோயம்புத்தூரில் ரெண்டே பேரிடம்தான் இருக்கிறது என்று பொய் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் கம்ப்ரஸர் லேசாகிவிட்டது.

இதெல்லாம் கிட்டுசாமி ஒருவருக்குத்தான் தெரியாது. கடைசியில் அவர் மனைவி ரங்கநாயகிக்கே பொறுக்காமல், ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"ஊரே உங்க வயித்தெரிச்சல்ல சாமான் தூக்கீட்டுத் திரியுது. உங்களுக்கு மட்டுந்தான் தெரியாது."

கிட்டுசாமி பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினார். கோபத்தோடு தெருவுக்கு வருவார் என்று நாங்கள் பயந்தோம், அவர் வரவில்லை, ஷெட்டுக்குள் போய்த் தன் பானெட்டைச் சுவரிலிருந்து இறக்கித் தராசில் வைத்தார். அந்தப் பானெட் எந்தக் காருக்கும் செய்ததல்ல, தன் கைக்கு என்ன வரும் என்று காட்டுவதற்காகவே மூன்று மாதம் உட்கார்ந்து செய்து, வாசலுக்கு நேரே மாட்டி வைத்திருந்தார். இடது பக்கத்துப் பின்னலும் வலது பக்கத்துப் பின்னலும் நடுக்கோட்டில் ஒரு நூல் பிசகாமல் வந்து சேரும். நான் அதற்கு நாலு கோட்டிங் அடித்தேன், நாலாவது கோட்டிங்கில் என் முகம் அதில் தெரிந்தது. செய்த அன்றைக்கு அது பதினோரு கிலோ நானூறு கிராம். அன்றைக்குத் தராசில் வைத்தபோதும் பதினோரு கிலோ நானூறு கிராம்.

ரெண்டு வருஷம் வாசலுக்கு நேரே தொங்கியிருக்கிறது, சந்தில் போகிற வருகிற அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள், நஞ்சப்பன் தினமும் பார்த்திருக்கிறார், அதில் ஒரு கிராம் குறையவில்லை. உலகத்தில் ஒரு ஆளுக்கும் அவரைப் பார்த்துப் பொறாமை வந்ததில்லை என்பதைத் தராசு எழுதிக் காட்டிவிட்டது. பொறாமை பிடித்த மனிதனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை எதுவும் இருக்க முடியாது. அன்றிலிருந்து அவர் தினமும் காலையில் அதைத் துடைத்து, நிறுத்து, மறுபடி மாட்டினார். ஐம்பது கிராம் குறைந்தால் போதும், அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் குன்னூரிலிருந்து ஒரு எஸ்டேட்காரர் வந்தார். அவருடைய கார் சீமையிலிருந்து வந்தபோதே பைபர் பானெட்டோடு வந்தது. அந்தப் பழைய பானெட்டின் மேல் மோல்டு எடுத்து, கார்பன் தோலோடு புதுசு ஒன்று செய்து கொடுத்தால், பழையதைப் பத்திரமாக வீட்டில் வைத்துவிடலாம் என்பது அவர் யோசனை. மனிதர் அதிகம் பேசவில்லை. ரெண்டு ஷெட்டுக்கும் போய் விளிம்புகளில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார், அப்புறம் பானெட்டைக் கழற்றிக் கிட்டுசாமியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கிட்டுசாமி எதிர் கேட்டை நிமிர்ந்து பார்த்தார். நஞ்சப்பன் அரைக் கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்து, உனக்கு வரவேண்டிய வேலைதான் கிட்டு, ரொம்ப லேட்டாக வந்திருக்கிறது என்று சொல்லி முதல் ஜிலேபியைத் தன் கையாலேயே ஊட்டினார். சொன்னதில் ஒரு பொட்டுப் பொய் இல்லை. அதுதான் கிட்டுசாமிக்குப் பொறுக்கவில்லை. நஞ்சப்பன் திரும்பிப் போனதும் உள்ளே ஓடித் தன் பானெட்டை நிறுத்தார். பதினோரு கிலோ நானூறு.

மோல்டு எடுக்கிறவனுக்கு முதல் பாடம் மெழுகு. மூலச் சாமானின் மேல் மெழுகைத் தேய்த்து, காயவிட்டு, துணியால் துடைத்து, மறுபடி தேய்த்து, இப்படி ஏழு தடவை செய்ய வேண்டும். மெழுகு இல்லாத இடத்தில் பைபர் பைபரைப் பிடித்துக்கொண்டால் கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது. கிட்டுசாமி தூக்கத்தில்கூட மெழுகை மறக்கிற ஆளல்ல. ஏழு நாள், நாளைக்கு ஒரு கோட்டாக, பொறுமையாகத்தான் தேய்த்தார். ஆனால் ஏழு நாளும் எதிர் கேட்டைப் பார்க்க வசதியான பக்கத்திலேயே நின்று தேய்த்தார். நஞ்சப்பன் முகம் எப்போதாவது கொஞ்சம் சுருங்குகிறதா, ஒரு பெருமூச்சாவது விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே தேய்த்தார். பானெட்டின் மறுபாதிக்குப் போக வேண்டுமென்றால் எதிர் கேட்டுக்கு முதுகைக் காட்ட வேண்டும். அந்தப் பாதிக்கு அவர் போகவே இல்லை.

பானெட்டின் மேல் ரெசினில் ஊறிய பைபரைப் படியவைத்து, மோல்டு இறுகியதும் ஒரு பாதி வெண்ணெயாகக் கழன்றது, மறுபாதி அசையவில்லை. ஆப்பு அடித்தார், காற்றுப் பாய்ச்சினார், தண்ணீர் விட்டார், ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டினார். சாயங்காலம் நாங்கள் கேட்டது பானெட் நடுவில் பிளந்த சத்தம். அறுபது வருஷமாகக் கீறல் விழாத சாமான். குன்னூர்க்காரர் வந்து பார்த்தார், ரெண்டு துண்டையும் தானே தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி நஞ்சப்பனிடம் போனார்.

நஞ்சப்பன் ஒரு மாதம் எடுத்துக்கொண்டு அதை ஒட்டவைத்து, அதன் மேல் மோல்டு எடுத்துப் புதுப் பானெட்டும் செய்து கொடுத்தார். சாமானை எடுக்க வந்த குன்னூர்க்காரர் அவரைப் பாராட்டியபோது, நான் அங்கேதான் பெயின்ட் அடிக்கிற துப்பாக்கியைக் கழுவிக்கொண்டிருந்தேன், நஞ்சப்பன் தலையை ஆட்டி மறுத்தார். கையென்றால் கிட்டு கைதான், கெட்ட நேரம் ஒருநாள் அவனைப் பிடித்துவிட்டது, அடுத்த வேலையை அவனுக்கே கொடுங்கள் என்று சொன்னார். தெருவுக்கு அந்தப் பக்கம் கிட்டுசாமி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அதுவரைக்கும் அவர் பொறாமைப்பட்டது நஞ்சப்பனின் சாமான்களைப் பார்த்து. அன்றைக்கு முதல்முறையாக, இப்படிப் பேச முடிகிற நஞ்சப்பனையே பார்த்துப் பொறாமைப்பட்டார்.

மறுநாள் காலையில் நஞ்சப்பனின் செருப்பு காலில் நிற்கவில்லை. உடம்பு இளைக்கவில்லை, தொப்பை அப்படியே இருந்தது, எழுபத்திரண்டு கிலோ மட்டும் ஐம்பத்தெட்டாகி இருந்தது. அடுத்த வாரம் நாற்பது. ஆடி மாதக் காற்று அடித்தபோது அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு கொடியாக ஆடினார். துளசிமணி ஒரு பனியனுக்கு உள்ளே பை பையாகத் தைத்து, பழைய பேரிங் உருண்டைகளை நிரப்பிப் போட்டுவிட்டாள். சந்தும் பழகிக்கொண்டது. அவர் கடைக்குள் வந்தால் மின்விசிறியை நிறுத்தினோம், பைக்கில் பின்னால் ஏற்றினால் கயிற்றால் கட்டினோம், ஷெட்டில் வேலை செய்யும்போது இடுப்புக் கயிற்றை டிரில்லிங் மெஷினின் காலில் முடிந்து வைத்தோம். முப்பது, இருபத்திரண்டு, பதினாறு. நஞ்சப்பன் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார், மாடிப்படி ஏற மூச்சு வாங்குவதில்லை என்று வேடிக்கை பேசினார். ஆனால் தூங்கும்போது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறார் என்று துளசிமணி என்னிடம் சொன்னாள். அப்போதுதான் எங்களுக்குப் பயம் பிடித்தது.

கழற்றி எறிந்த அரக்கன் பொம்மைகளையும் எலுமிச்சம்பழங்களையும் மறுபடி வாங்கித் தொங்கவிட்டோம். கிட்டுசாமியின் கேட்டுக்குக் குறுக்கே தார்ப்பாய் கட்டினோம், அவர் தடுக்கவில்லை. பிரயோஜனமில்லை. அவருக்குக் கண் தேவைப்படவில்லை, நஞ்சப்பன் சிரிக்கிற சத்தம் காதில் விழுந்தால் போதும். ஒன்பது கிலோவானபோது துளசிமணி தார்ப்பாயை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கோட்டிங் அடித்த ஒரு டிக்கி வாலைக் கொடுக்க நானும் கூடவே போனேன்.

"ஏனுங்கண்ணா, போதுமுங்க. நிறுத்திப்போடுங்க. அவரு போயிருவாருங்க."

"நிறுத்தற சுவிட்ச் எங்கிருக்குதுன்னு காட்டு தாயி, இப்பவே அமத்திப் போடறேன்" என்றார் கிட்டுசாமி. அவர் தூங்கிப் பல நாள் ஆனது முகத்தில் தெரிந்தது. சுவரில் இருந்த பானெட்டைக் காட்டினார். "இது பதினோரு கிலோ நானூறும்மா. ரெண்டு வருசத்துல ஒரு கிராம் குறையல. உன்ற வீட்டுக்காரன் அதை ஒருக்கா வயிறெரிஞ்சு பாத்திருந்தா எனக்கு இந்த நோவு வந்திருக்காது."

துளசிமணி வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் கெஞ்சியிருக்கிறாள், கொஞ்சம் பொறாமைப்படுங்கள், ஒரு கால் கிலோ அளவுக்காவது படுங்கள் என்று. நஞ்சப்பன் அவளுக்காக நிஜமாகவே முயற்சி செய்தார். தார்ப்பாயை விலக்கச் சொல்லி, கேட்டில் நாற்காலி போட்டு, அதில் தன்னைக் கட்டிவைத்துக்கொண்டு, அந்தப் பானெட்டையே மூன்று நாள் உற்றுப் பார்த்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு வருத்தமாகச் சொன்னார், எவ்வளவு முக்கினாலும் நல்லா இருக்கட்டும் என்றுதான் வருகிறதாம். எதிர்ப்பக்கம் தராசு அசையவில்லை, இந்தப் பக்கம் நஞ்சப்பன் ஆறு கிலோ ஆனார்.

ஆயுத பூஜை வந்தது. சந்து முழுக்க மெஷின்களைக் கழுவிச் சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரியும் கடலையும் குவித்திருந்தோம். நஞ்சப்பன் வாசலில் டிரில்லிங் மெஷினை வெளியே இழுத்து வைத்து, திறந்த வானத்துக்குக் கீழே பூஜை நடந்தது. குளித்துப் புது வேட்டி கட்டிய நஞ்சப்பனுக்குப் பேரிங் பனியன் ஈரமாகக் கொடியில் கிடந்தது, இடுப்புக் கயிறு மட்டும்தான் பிடிமானம். சூடத்தைக் காட்டி முடித்ததும், கயிற்றைக் கட்டிக்கொண்டு சாமி கும்பிடுவது மரியாதையில்லை என்று சொல்லி, துளசிமணி தடுப்பதற்குள் அவரே முடிச்சை அவிழ்த்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுந்தவர் விழுந்தபடியே, கூப்பிய கையோடு, முகம் தரையைப் பார்க்க, மெதுவாக மேலே போகத் தொடங்கினார்.

முழங்கால் உயரம், இடுப்பு உயரம். நாங்கள் பொரித் தட்டுகளை வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றோம், ஒருவனும் கை நீட்டவில்லை, நானும் நீட்டவில்லை. தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தவர் கிட்டுசாமி. எம்பி, நஞ்சப்பனின் ரெண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, காலை அகல ஊன்றி நின்றார். பிடித்திருந்தது அவருடைய கை, மேலே தூக்கிக்கொண்டிருந்தது அவருடைய வயிறு, ரெண்டுக்கும் நடுவில் அவர் முகம் வேர்த்து ஒழுகியது.

"விட்டுராதடா கிட்டு."

"உடமாட்டேன்டா."

தொட்டிக் கம்பெனியை விட்டபிறகு அவர்கள் ஒருவரையொருவர் டா போட்டு நாங்கள் கேட்டதில்லை. நஞ்சப்பன் தலைகீழாகக் கீழே பார்த்தார். எதிரே கிட்டுசாமியின் வழுக்கை, அதற்குக் கீழே தோள், அதற்கும் கீழே ரெசின் கறை படிந்த ரெண்டு பாதம், பத்து விரலும் மண்ணில் அழுந்தி நின்றன. நஞ்சப்பன் அந்தப் பாதங்களை வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அந்த முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"உன்ற காலு ரெண்டும் தரையில நிக்குதுடா கிட்டு" என்றார். "அதையப் பாத்தா எனக்குப் பத்தீட்டு வருதுடா."

கிட்டுசாமியின் குதிகால்கள் தரையைவிட்டுக் கிளம்பின.

"நெசமாவா சொல்றே?"

"நெசமா. உனக்கு எதுக்குடா அது, எனக்கு வேணும்டா."

முன்பாதமும் கிளம்பியது, விரல் நுனிகளும் கிளம்பின, தரைக்கும் அவர் காலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளியில் நான் எதிர்வீட்டுக் கோலத்தைப் பார்த்தேன். கிட்டுசாமி குனிந்து தன் காலைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். பதினெட்டு வருஷத்தில் நான் பார்த்த அவருடைய முதல் சிரிப்பு, பல்வரிசை நன்றாகத்தான் இருந்தது. சிரிக்கச் சிரிக்க அவர் வயிற்றில் இருந்ததெல்லாம் காலியாகிவிட்டிருக்க வேண்டும், நஞ்சப்பனுக்கு எழுபத்திரண்டு கிலோவும் ஒரே மூச்சில் திரும்பி வந்தது, ரெண்டு பேரும் பொரிக் குவியலின் மேல் பொத்தென்று விழுந்து, எழுந்திருக்காமல் ஒருவர் மேல் ஒருவர் கிடந்து சிரித்தார்கள். துளசிமணி அழுதாள், ரங்கநாயகியும் வந்து அழுதாள்.

கிட்டுசாமி நொண்டிக்கொண்டே எழுந்தார். எங்கே போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் பின்னாலேயே போனோம். சுவரிலிருந்து பானெட்டை இறக்கி, கைக்குழந்தையை எடுத்து வருகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, ஒட்டியிருந்த பொரியை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, தராசில் வைத்தார். பதினோரு கிலோ முந்நூற்றைம்பது.

ஐம்பது கிராம். அவர் எங்களை வரிசையாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார், பூசாரி வாசித்தார், நான் வாசித்தேன். யாரு, யாரு என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நஞ்சப்பன் வாசலில் உட்கார்ந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், கையைத் தூக்கி, நான்தான்டா என்றார். கிட்டுசாமி நம்பினார், சந்தும் நம்பியது.

இப்போது அவர் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. குடங்கள் பழையபடி கனக்கின்றன, பெண்கள் அவரைத் திட்டிக்கொண்டே சுமக்கிறார்கள். தார்ப்பாயை எடுத்துவிட்டோம். மத்தியானம் ரெண்டு பேரும் துளசிமணியின் நாலடுக்கைப் பிரித்து ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள், குன்னூர்க்காரரின் அடுத்த காரைச் சேர்ந்தே செய்கிறார்கள், மெழுகை ஒருவர் ஒரு பக்கமும் மற்றவர் மறுபக்கமும் நின்று தேய்க்கிறார்கள்.

ஆனால் நஞ்சப்பன் அன்றைக்குப் பார்த்தது கிட்டுசாமியின் காலை. பானெட்டை அவர் பார்க்கவே இல்லை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு கிட்டுசாமி தராசுக்குப் போனபோது, நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். பதினெட்டு வருஷமாக இந்தச் சந்தில் மின்னுகிற எல்லாவற்றையும் மின்ன வைத்தவன் நான், அணைத்துக்கொண்டு ஓடிப்போய் நிறுத்துப் பார்க்க எனக்கென்று ஒரு சாமான் இல்லை, நான் மேலே போனால் தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு வர ஒரு ஆளும் இல்லை. அந்த ஐம்பது கிராம் என்னுடையது.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கிட்டுசாமி இன்னும் தினமும் நிறுக்கிறார், குறையக் குறைய நஞ்சப்பனைக் கூப்பிட்டுக் காட்டுகிறார், நஞ்சப்பன் தலையைச் சொறிந்துகொண்டு சிரிக்கிறார். போன மாதம் ஒன்பது, நேற்று ஏழே கால். நான் இப்போதும் காலையில் வேலைக்கு அந்த வழியாகத்தான் போகிறேன்.